போர் எவ்வாறு பிராயச்சித்தமாயிற்று?
சிலுவைப் போர்களுக்குப் பின்னால் நின்ற இறையியல்

சபை வரலாற்றுப் பாடத்தில் சிலுவைப் போர்களைப் பயில்வோர் பெரும்பாலும் படையெடுப்புகளின் வரிசையையே மனப்பாடம் செய்கின்றனர். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என எண்ணி, மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதித் தேர்வில் வெற்றியும் பெற்றுவிடுகின்றனர். ஆனால், இறையியல் மாணவரும் குருவானவரும் கேட்க வேண்டிய வினா வேறு. மனிதனைக் கொல்லுதல், நியாயமான போரிலேயே நிகழ்ந்தாலும், பாவக்கறை படிந்த செயல் என்று கருதிவந்த திருச்சபை, அப்போரையே பாவத்திற்குப் பரிகாரமாக எப்பொழுது, எவ்வாறு போதிக்கத் தொடங்கிற்று? இதனையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

நார்மாந்தியின் கோமகன் வில்லியம் 1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் என்னுமிடத்தில் வென்று இங்கிலாந்தைக் கைப்பற்றினார். போப்பரசரின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஆயினும் வென்ற வீரர்களைச் சபை வெறுமனே வாழ்த்தி அனுப்பிவிடவில்லை. நார்மாந்தியின் அத்தியட்சர்கள் அவர்களுக்கென ஒரு பிராயச்சித்த ஒழுங்கை ஏற்படுத்தினர். போப்பரசரின் தூதர் எர்மன்பிரீது அதனை உறுதிப்படுத்தினார். பெரும்போரில் ஒருவனைக் கொன்றதாக அறிந்தவன், கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓராண்டு பிராயச்சித்தம் செய்ய வேண்டும். காயப்படுத்தியவன், அம்மனிதன் இறந்தானா இல்லையா என்று அறியாவிடில், ஒவ்வொருவனுக்கும் நாற்பது நாள். தாம் எய்த அம்பு யாரைக் கொன்றது என்று வில்வீரர் அறியமாட்டார்கள் அல்லவா? அவர்களுக்கு மூன்று தபசு காலங்கள் விதிக்கப்பட்டன. இவ்விதிகளின் நுணுக்கம் இன்று நமக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அவற்றின் அடியில் ஆழ்ந்த ஓர் உணர்வு இருந்தது. போர் சில வேளைகளில் தவிர்க்க முடியாத கடமையாகலாம். அப்பொழுதும் அது துக்கத்துக்குரியதே என்று அகுஸ்தீன் போதித்ததை அச்சபை முற்றும் மறந்துவிடவில்லை.

ஹேஸ்டிங்ஸ் போருக்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1095 நவம்பர் 27 அன்று, பிரான்சு நாட்டின் கிளேர்மோன் நகரில் போப்பரசர் இரண்டாம் அர்பன் தமது புகழ்பெற்ற அழைப்பை விடுத்தார். 1071இல் மான்சிக்கெர்த்துப் போரில் செல்ஜுக் துருக்கியரிடம் தோல்வியுற்ற கீழைப் பேரரசு ஆசியா மைனரின் பெரும்பகுதியை இழந்திருந்தது. பேரரசர் அலெக்சியு மேற்கத்தியரிடம் படையுதவி கேட்டிருந்தார். இவை வெளிப்படையான காரணங்கள். அர்பனின் பிரசங்கத்தை விவரிக்கும் நூல்கள் யாவும் எருசலேம் வீழ்ந்த பின்னரே எழுதப்பட்டவை. அவை ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுகின்றன. ஆகவே அவற்றின் சொற்களைப் போப்பரசரின் சொற்களாக எடுத்துக்கூறுதல் தகாது. எனினும் அச்சங்கம் இயற்றிய விதியொன்றின் சாரம் நமக்குக் கிடைத்துள்ளது. புகழுக்காகவும் பொருளுக்காகவும் அல்லாமல், பக்தியினால் மட்டும் தேவனுடைய சபையை விடுவிக்க எருசலேமுக்குச் செல்பவனுக்கு, அப்பயணமே பிராயச்சித்தம் முழுவதற்கும் ஈடாகக் கருதப்படும் என்பதே அது.

இங்கேதான் திருப்பம் நிகழ்ந்தது என்பது நமது துணிபு. முன்னர் போரிலிருந்து திரும்பியவன் பிராயச்சித்தம் செய்தான். இப்பொழுது போருக்குப் புறப்படுவதே பிராயச்சித்தமாயிற்று. யாத்திரை, தவம், யுத்தம் ஆகிய மூன்றும் ஒரே சரட்டில் கோக்கப்பட்டன. சென்றவர்கள் தங்களை யாத்திரிகர் என்றே அழைத்துக்கொண்டனர். துணியாலான சிலுவையை ஆடையில் தைத்துக்கொண்டு, மத்தேயு 16:24இல் ஆண்டவர் இட்ட கட்டளையை நிறைவேற்றுவதாக நம்பினர். அவ்வசனம் பேசப்பட்ட நாளில், சிலுவையைச் சுமந்து சென்றவன் கொல்லப்படப் போகிறவன். கிளேர்மோனுக்குப் பின் அதனை அணிந்தவன் கொல்லப் போகிறவன். வேத வியாக்கியானத்தில் நேர்ந்த இத்தகைய தலைகீழ் மாற்றம் சபை வரலாற்றில் அரிது.

விளைவு விரைவிலேயே தென்பட்டது. 1096ஆம் ஆண்டின் கோடைக்கு முன்னரே ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்கள் தாக்கப்பட்டனர். ஸ்பையர் நகரில் அத்தியட்சர் ஜான் தலையிட்டதால் பெரும்பாலோர் தப்பினர். வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் பெருங்கொலை நிகழ்ந்தது. கிறிஸ்துவின் பகைவரைத் தேடித் தொலைதூரம் செல்வானேன், இங்கேயே இருக்கின்றனரே என்பது அக்கொலைஞரின் வாதம். தவறான இறையியலின் முதற்பலி எப்பொழுதும் அடுத்த வீட்டுக்காரனே.

1099 ஜூலை 15 அன்று எருசலேம் வீழ்ந்தது. அப்பொழுது நகரை ஆண்டவர்கள் துருக்கியர் அல்லர். அவர்களிடமிருந்து முந்தின ஆண்டே அதனை மீட்டிருந்த எகிப்திய பாத்திமிய முஸ்லிம்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நகரில் நிகழ்ந்த படுகொலையைக் கூறும்பொழுது, படையோடு சென்ற குருவானவர் ரேமண்டு, குதிரைகளின் கடிவாளமட்டும் இரத்தம் ஓடிற்று என எழுதினார். நம் பிரசங்கிமாரிற் சிலர் இதனைக் கண்கண்ட செய்தியாகவே எடுத்தாளுகின்றனர். அது வெளிப்படுத்தல் 14:20இலிருந்து எடுக்கப்பட்டது. அவர் கொலையை அளந்து எழுதவில்லை. தம் படையைத் தேவகோபத்தின் ஆலையாகக் கண்டார். கொல்லப்பட்டோர் தொகையிலும் கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தவரான இப்னு அல் அதீர் 70,000க்கு மேல் என்கிறார்; அக்காலத்தில் வாழ்ந்த செவில் நகர அறிஞர் இப்னு அல் அரபி 3,000 என்கிறார். கெய்ரோவில் கண்டெடுக்கப்பட்ட யூதக் கடிதங்கள், சிறைப்பட்ட யூதர்களும் நியாயப்பிரமாணச் சுருள்களும் பணங்கொடுத்து மீட்கப்பட்டதைக் கூறுகின்றன. எண்ணிக்கை குறைவதனால் குற்றம் குறைவதில்லை. ஆயினும் உண்மையைச் சரியாகச் சொல்லுதல் இறந்தோர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

அடுத்த தலைமுறையில் கிளேர்வோவின் பெர்னார்து இக்கொள்கைக்கு மேலும் வலுவூட்டினார். தேவன்பின் ஆழங்களைப் பற்றி எழுதிய அதே எழுதுகோல், தேவாலய வீரர் சங்கத்தைப் புகழ்ந்து, தீயோனைக் கொல்பவன் மனிதனையன்று, தீமையையே கொல்கிறான் என்றும் வாதித்தது. 1146இல் யூதருக்கு எதிராக மக்களைத் தூண்டிய ராதுல்பு என்னும் துறவியை நேரிற்சென்று தடுத்தவரும் அவரே. ஒருவரிடத்திலேயே இவ்விரண்டும் குடிகொண்டிருந்தன. அவர் பிரசங்கித்துத் திரட்டிய படை 1148இல் தமஸ்கு மதிலின் முன் தோற்றுத் திரும்பியது. 1187இல் சலாவுதீன் எருசலேமை மீட்டதையும், 1204இல் சிலுவை தரித்த படையே கிறிஸ்தவ நகரமாகிய கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியதையும் பாடநூல்களில் விரிவாகக் காணலாம்.

நம் கருத்துக்கு இன்றியமையாதது 1213ஆம் ஆண்டு. போப்பரசர் மூன்றாம் இன்னொசென்டு, போர்த்திறன் பாராது எவரும் சிலுவை எடுக்கலாம் என்றும், செல்ல இயலாதோர் அப்பொருத்தனையைப் பணம் செலுத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். பெண்களும் முதியோரும் நோயாளிகளும் இதனால் பாவத்தண்டனை மன்னிப்பில் பங்கு பெற்றனர். பக்தியின் வாசலைத் திறப்பதாகவே அவர் எண்ணினார். ஆனால் மன்னிப்புக்கும் பணத்துக்கும் இடையே ஒரு பாதை வெட்டப்பட்டுவிட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1517இல், விற்றென்பெர்கில் லுத்தர் எதிர்த்து நின்ற பாவமன்னிப்புச் சீட்டு வாணிகம் அப்பாதை வழியாகவே வந்தது. சீர்திருத்தச் சபையினராகிய நாம் சீட்டு வாணிகத்தைக் கண்டித்துப் பேசும்பொழுது, அதன் வேர் போர்க்களத்திலும் ஓடியிருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

லுத்தர் அதனை மறக்கவில்லை. துருக்கியருக்கு எதிரான போரைப்பற்றி 1529இல் எழுதிய நூலில், குடிகளைக் காக்கப் போரிடுவது பேரரசரின் உலகக் கடமை என ஒப்புக்கொண்டார். கிறிஸ்துவின் பெயராலும் சபையின் தலைமையிலும் போரிடுவதையோ முற்றிலும் மறுத்தார்; களத்தில் சிலுவைக் கொடியைக் காணும் வீரன் அவ்விடம் விட்டு ஓடுவதே நலம் என்னும் பொருள்படக் கடுமையாக எழுதினார். இதனால் அவரை முஸ்லிம்களின் நண்பராக்கிவிடலாகாது. இஸ்லாமைப் பற்றி அவர் எழுதியவற்றிலும், யூதரைப் பற்றி 1543இல் எழுதியதிலும், நாம் வெட்கப்படத்தக்கவை மிகுதியாக உள்ளன.

சீர்திருத்தத்துக்கு முன்னரே வேறொரு வழியைத் தேடியவர் உண்டு. 1219இல் சிலுவைப் படை எகிப்தின் தமியாத்தா நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், அசிசியின் பிரான்சிஸ் ஆயுதமின்றி எதிரணிக்குச் சென்று சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரைக் கேட்டு, தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். அங்கு பேசப்பட்டவை பற்றிய பிற்காலக் கதைகளை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. திரும்பிவந்தபின் 1221இல் தம் சகோதரருக்காக அவர் வகுத்த ஒழுங்கு நம் கையில் உள்ளது. முஸ்லிம்களிடையே செல்வோர்க்கு அது இரு வழிகளைக் காட்டுகிறது. வாக்குவாதமும் சச்சரவும் செய்யாமல், தேவன் நிமித்தம் எல்லாருக்கும் கீழ்ப்பட்டிருந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று அறிக்கையிடுதல் ஒன்று. அது தேவனுக்குப் பிரியம் என்று காணும்பொழுது திருவசனத்தை அறிவித்தல் மற்றொன்று. 1223இல் போப்பரசரின் ஒப்புதல் பெற்ற திருத்திய ஒழுங்கில் இவ்விரு வழிகளும் இடம்பெறவில்லை. செல்ல விரும்புவோர் மாகாணத் தலைவரிடம் அனுமதி பெற வேண்டும் என்னும் விதி மட்டுமே எஞ்சிற்று.