சண்டைக் காட்சியும் சினிமாச் சுவையும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸ், முற்காலத்தில் மீனவர் வாழ்ந்த சிற்றூர். தென்னங்கீற்றுகளையும் மரக்கிளைகளையும் கடலில் மிதக்கவிட்டு, அவற்றின் நிழலை நாடி வரும் மீன்களை வலையிட்டு வளைப்பது அங்கு வழக்கம். அம்முறைக்கு மலாய் மொழியில் வழங்கிய பெயரே ஊர்ப்பெயரின் மூலம் என்பர். பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டது. ஆலைகளும் கப்பற்பட்டறைகளும் எழுந்தன. அங்கு 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதி ஒன்றில் ஏறத்தாழ 16,800 பேர் தங்க இடம் ஏற்பட்டது. கடையும் கிரிக்கெட் திடலும் அமைத்தவர்கள் படக்கொட்டகை ஒன்றையும் அதனுள் அமைத்தார்கள். பகலெல்லாம் இரும்போடும் இயந்திரத்தோடும் உழைத்தவர்கள் கூடும் அத்தகைய கொட்டகையில் எவ்வகைப் படத்துக்குக் கைதட்டல் மிகும் என்று ஊகிப்பது அரிதன்று.

சண்டைப் படம் என்றாலே கற்றோர் முகம் சுளிப்பது நெடுநாளைய வழக்கம். மாணவன் தனக்குப் பிடித்த படமாக ஒரு வாட்சண்டைப் படத்தைக் குறிப்பிட்டால், ஆசிரியர் அவன் சுவையைத் திருத்த முற்படுகிறார். அவரே மறுநாள் வகுப்பில் கலிங்கத்துப் பரணியின் போர்க்களத்தைப் பாடஞ்சொல்லும்போது குரலை உயர்த்திக் கையை வீசுகிறார்! வீரச்சுவை ஏட்டில் இருந்தால் இலக்கியம், திரையில் ஓடினால் கேளிக்கை என்பது எந்த இலக்கணத்தில் கூறப்பட்டதோ தெரியவில்லை.

ஆயினும், இங்கு ஆராய வேண்டியது வீரச்சுவையின் பெருமையை அன்று. சினிமா என்னும் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் பலருக்கு அதன் வாயிலாக அமைந்தது ஏதோ ஒரு சண்டைப் படமாகவே இருப்பதைக் காண்கிறோம். உருக்கமான குடும்பக் கதையோ பக்திப் படமோ அந்த வேலையை ஏன் அத்துணை எளிதாகச் செய்வதில்லை?

உருக்கமான காட்சியில் கண்ணீர் கலையை மறைத்துவிடுகிறது. தாயின் துயரத்தைக் கண்டு அழுகிறவன், இந்தக் காட்சி எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. கேட்டால் அழுகை நின்றுவிடும். சண்டைக் காட்சியின் இயல்பு வேறு. நடிகர் மாடத்திலிருந்து குதிக்கிறார். எதிரியின் வாள் கழுத்தை உரசிச் செல்கிறது. பார்க்கும் சிறுவன் வியக்கிறான். வியந்த மறுகணமே, ‘இதை எப்படிச் செய்தார்கள்?’ என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறான். அந்த ஒரு கேள்வியில் அவன் கதையை விட்டுக் கலைக்குள் நுழைந்துவிடுகிறான்.

கேள்விக்கு விடை தேடினால் கிடைப்பவை பல. திரையில் தொடர்ச்சியாகத் தோன்றும் வாட்போர் ஒரே மூச்சில் எடுக்கப்பட்டதன்று. நடனத்துக்கு அடவு அமைப்பதுபோல் ஒவ்வொரு வீச்சும் எண்ணிக்கை வைத்துப் பழகப்படுகிறது. பிறகு துண்டு துண்டாகப் படமாக்கப்படுகிறது. ஓங்கிய வாள் ஒரு துண்டு, விலகும் தலை மற்றொரு துண்டு, அறுந்து விழும் விளக்கு மூன்றாவது துண்டு. இவற்றை ஒட்டும்போது, எங்குமே நிகழாத ஓர் அடி நம் கண்முன் நிகழ்ந்துவிடுகிறது. படச்சுருள் வினாடிக்கு 24 படங்கள் வீதம் திரையில் ஓடும். எடுக்கும்போது காமிராவை 18 படங்கள் வீதம் மெதுவாக ஓட்டினால், ஒரு வினாடியில் நிகழ்ந்த வீச்சு திரையில் முக்கால் வினாடியில் முடிந்துவிடும். நடிகரின் கை மின்னலாகும். வாளோடு வாள் மோதும் ஓசையும் பெரும்பாலும் பின்னால் சேர்க்கப்படுவதே.

இத்தகைய வியப்புக்குத் தமிழில் நல்ல சான்று, 1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22இல் வெளியான ‘நாடோடி மன்னன்.’ எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, முதன்முறையாக இயக்கி, வீராங்கன், மார்த்தாண்டன் என்று இரு வேடமும் தாங்கிய படம் அது. முற்பகுதி கறுப்பு வெள்ளையில் ஓடிப் பிற்பகுதி கேவாகலரில் மலரும். ஒருவரே இருவராகத் தோன்றும் காட்சிக்கு அந்நாளில் வழங்கிய உத்தி ஒன்று உண்டு. காமிரா வில்லையின் ஒரு பாதியை மறைத்து, மறு பாதியில் நடிகரை ஒரு வேடத்தில் எடுப்பார்கள். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மாற்றி, வேடம் மாறிய அவரையே மறுபாதியில் எடுப்பார்கள். இரு பாதிகளும் சேரும் கோடு தூணிலோ சுவர் விளிம்பிலோ மறைந்திருக்கும். காமிரா மயிரிழையும் அசையக் கூடாது. நடிகரின் நிழல் கூடக் கோட்டைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களில் முதுகு காட்டி நிற்பவர் வேறொருவர். 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திர’னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கிய நாள் முதல், ரசிகர்கள் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க முயன்று தோற்றிருப்பார்கள். தோல்வியிலும் அவர்கள் கற்றது சினிமாவையே.

எதிரி எளியவனாயின் வீரனின் பெருமை சிறக்காது என்பது தும்பைத் திணை பயின்றோர் அறிந்தது. ‘சர்வாதிகாரி’யில் (1951) எம்.என். நம்பியாரின் வாள் சளைத்திருந்தால் எம்.ஜி.ஆரின் வாளை யார் நினைவில் வைத்திருப்பார்? வில்லனை வெறுக்க வந்தவன் வில்லனின் திறமையை மெச்சத் தொடங்குவது சுவை முதிர்வதன் ஓர் அடையாளம்.

சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு இதனினும் நல்ல பாடம் உள்ளூரிலேயே உண்டு. சிராங்கூன் சாலைக்கு அண்மையில், பாலஸ்டியர் வட்டாரத்து ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படநிலையம் 1947 முதல் 1967 வரை இயங்கியது. சென்னை மாநிலத்தில் பிறந்த எல். கிருஷ்ணன் முதலான இந்திய இயக்குநர்கள் அங்கே மலாய்ப் படங்களை உருவாக்கினார்கள். வங்காளியரான பணி மஜும்தார் 1956இல் வண்ணத்தில் எடுத்த ‘ஹங் துவா’வில் பி. ரம்லி நாயகர். மன்னனுக்கு அடங்கிய ஹங் துவாவும், நண்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக மன்னனையே எதிர்த்த ஹங் ஜெபாட்டும் மோதுவதே கதையின் உச்சம். ஐந்தாண்டுகள் கழித்து, 1961இல், கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக ஹுசேன் ஹனீஃப் அதே சண்டையை ‘ஹங் ஜெபாட்’ என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அது அவர் இயக்கிய முதற்படம்; அதற்குமுன் அவர் படத்தொகுப்பாளர். முன்னதில் ஹங் துவா நாயகன். பின்னதில் ஹங் ஜெபாட் நாயகன். கதை ஒன்று, போர் ஒன்று, நியாயம் மட்டும் கை மாறுகிறது! கம்பனின் வாலி வதையைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்தும் ஆசிரியர், இவ்விரு சண்டைகளையும் அடுத்தடுத்துக் காட்டிக் காமிரா யார் பக்கம் நிற்கிறது என்று மாணவரைக் கேட்கலாம்.

உலக சினிமாவின் வரலாறும் இதற்கு இயைந்ததே. 1895இல் பாரிஸில் திரைக்கு வந்த சினிமா, எட்டே ஆண்டுகளில் ‘பெரும் ரயில் கொள்ளை’ என்ற அமெரிக்கச் சண்டைப் படத்தால் கூட்டத்தை ஈர்த்தது. காட்சிகளைத் தொடுத்துக் கதை சொல்லும் முறை வளர அதுவும் துணை செய்தது. தமிழகத்திலும் புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம் என்ற பயில்வான், ராஜா சாண்டோ என்னும் பெயரோடு மௌனப் படங்களில் புகுந்து, பின்னர் இயக்குநராகவே விளங்கினார்.

சண்டைப் படம் எல்லாமே இந்தப் பயனைத் தரும் என்று கூறுவதற்கில்லை. யார் எங்கே நிற்கிறார், அடி யார்மேல் விழுந்தது என்று தெரியாதபடி வினாடிக்கொரு வெட்டாக ஓடும் படம் கண்ணைக் களைப்பிக்கிறது. கேள்வி எழ இடம் தருவதில்லை. எல்லாவற்றையும் கணினியே செய்தது என்ற விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வியப்பும் பாதி குறைகிறது. குருதியைக் காட்டுவதே வீரம் என மயங்கும் படங்களைப் பற்றி ஆசிரியர்கள் கவலைப்படுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் அக்கவலையால் மாணவன் விரும்பும் படத்தின் பெயரைக் கேட்டதுமே வாயை அடைத்துவிட்டால், அவன் தமிழில் ஆர்வத்தோடு பேச வந்த ஒரு பொருளையும் அடைத்தவர்களாவோம். சிங்கப்பூரில் வகுப்புக்கு வெளியே தமிழ் பேசும் வாய்ப்பு அருகிவரும் சிறுவனிடம் அது சிறு இழப்பன்று.

அவனுக்குப் பிடித்த சண்டையை இருமுறை ஓட்டலாம். இரண்டாம் முறை ஓசையை நிறுத்திவிட வேண்டும். எத்தனை துண்டுகள் என்று அவனே விரல்விட்டு எண்ணட்டும். பிறகு, வாள் உண்மையில் எந்தத் துண்டில் எதிரியைத் தொட்டது என்று கேட்டால், பெரும்பாலும் எதிலுமே தொடவில்லை என்பதை அவனே கண்டு சொல்வான்.