பொறுக்கிய தோலும் பதனிட்ட தோலும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலிருக்கும் ஓர் அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் இறங்குவார். போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அரசு மாதிரிப் பள்ளிக்குப் பெண் தேர்வாகியிருக்கிறாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

"அனுப்பலாமா சார்? அங்க போனா நெஜமாவே முன்னுக்கு வருவாளா?"

உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். இந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது.

"உங்க வீட்டுக்காரர் தோல் ஷாப்புல இருந்தவர்தானே?" என்று தொடங்கினேன். மண்டியில் ஓட்டையும் கீறலும் இல்லாத தோலாகப் பொறுக்கி ஒருவர் வாங்கிப்போகிறார். சரக்கு அருமையாக வருகிறது. அது அவருடைய பதனிடும் கைக்கு வந்த பேரா, தோலுக்கு வந்த பேரா? அறிய ஒரு வழிதான் உண்டு. ஒரே தரத்துத் தோல் இரண்டை எடுத்து, ஒன்றை அவரிடமும் மற்றதை வேறு ஷாப்பிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு உடனே பிடிபட்டது.

பள்ளிக்கும் அதே கணக்குதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்த பள்ளியில் மதிப்பெண் கூடுதலாக இருப்பதில் அதிசயமில்லை. நுழைவுத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் உள்ளே போன பிள்ளையும், ஒரு மதிப்பெண்ணில் வெளியே நின்ற பிள்ளையும் பிறகு எப்படி ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுப் பள்ளிகளை இப்படித்தான் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வை எழுதிய மூவரில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோசுவா ஆங்ரிஸ்ட். எல்லைக்கோட்டில் நின்ற அந்தப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் ஏதும் தெரியவில்லை.

உள்ளே போவது யார் என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் 163 அரசு கிராமர் பள்ளிகள் பதினொரு வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கின்றன. அங்கே இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகள் மிகக் குறைவு. காசு கொடுத்து டியூஷன் வைக்க முடிந்த வீடுகள் முன்னே போய்விடுகின்றன. இலங்கையில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940-களில் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் திறந்த வழிதான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வு. இன்று பத்து வயதுப் பிள்ளைகள் அதற்காக டியூஷன் டியூஷனாக அலைகிறார்கள்.

"அப்போ அனுப்ப வேணாம்னு சொல்றீங்களா?"

இல்லை. நம் ஊர்க் கதை வேறு. 2021-ல் சில மாவட்டங்களில் தொடங்கி, பிறகு 38 மாவட்டங்களுக்கும் வந்த மாதிரிப் பள்ளிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிலிருந்தே ஆள் எடுக்கின்றன. பணக்கார வீடு இடையில் புகுந்துகொள்ள வழி குறைவு. அதைவிடப் பெரிது விடுதி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தத் தோல் வட்டாரம் முழுக்க எத்தனையோ வீடுகளில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறார்கள். தம்பி தங்கைக்குச் சோறு போடுவதும் தண்ணீர் பிடிப்பதும் மூத்த பெண்ணின் வேலை. பத்தாவது முடித்துப் பதினெட்டு ஆனால் கம்பெனி இருக்கவே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் மூன்று வேளைச் சாப்பாடும், இரவில் படிக்க ஒரு விளக்கும், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆளும் கிடைப்பது சாதாரணமில்லை. பாஸ்டன் பிள்ளைக்கு இவையெல்லாம் பள்ளி மாறித்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஐஐடி, சட்டப் பல்கலைக்கழகம், நிஃப்ட் என்ற பெயர்களையே நம் தெருப் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாவது முடிந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். அதனால் அனுப்புங்கள் என்றேன்.

என் மனத்தை அறுப்பது வேறொன்று. 2024-லும் 2025-லும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் வேலூர் மாவட்டம் மாநிலத்திலேயே கடைசி. ஒரு வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவளை எடுத்துக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் முப்பது பேருக்கு யார் சொல்லித் தருவார்கள்? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் விடுதியில் பயிற்சி பெற்ற பிள்ளையும், ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் படித்த பிள்ளையும் அதே 7.5-க்குள்தான் மோதுகிறார்கள். மாதிரிப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் ஐஐடி போனார்கள் என்று ஆண்டுதோறும் கேட்கிறோம். அந்தப் பிள்ளைகள் விட்டுவந்த பள்ளிகள் எப்படி இருக்கின்றன என்பதையும் அதே மேடையில் கேட்க வேண்டும். வழிகாட்டுதலும் மாலை வகுப்பும் மாலைச் சிற்றுண்டியும் சாதாரணப் பள்ளிக்குப் போய்ச் சேராத வரை, தோலைப் பொறுக்கினோமே தவிர பதனிடவில்லை.

இதுவரை வாய் திறக்காத பெண் அப்போதுதான் பேசினாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டதாம். கணக்கில் தன்னைவிட அவள் கெட்டிக்காரி என்றாள்.

மேசையிலிருந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பன்னிரண்டாம் வகுப்புக்குள் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வுகளின் பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம் விண்ணப்பம் வரும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, இன்னொரு தாள் கேட்டாள்.