நொண்டாத பூனைக்கும் மூட்டு வலி வரும்

வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் பூனை வளர்க்கலாம். வளர்ப்போர் அறிய வேண்டிய நோய்களில் ஒன்று மூட்டுத் தேய்வு. அமெரிக்காவில் 2002ல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைத் தாண்டிய பூனைகளில் 90 விழுக்காட்டுக்கு மூட்டுச் சிதைவு இருப்பது எக்ஸ்ரே படங்களில் தெரிந்தது.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேயும்போது, அடியிலுள்ள எலும்பின்மேல் சுமை கூடுகிறது. அது தடித்து இறுகுகிறது. ஓரங்களில் முள்போல் புதிய எலும்பு வளர்கிறது. “எலும்பு அடர்த்தி கூடினால் நல்லதுதானே?” என்று கேட்டாள் என் தோழி. இங்கே அது தேய்மானத்தின் அறிகுறி.

எங்கள் பூனைக்கு 13 வயது. அது நொண்டியதே இல்லை. ஆனால், சன்னல் திண்டுக்கு ஒரே தாவலில் போனது, நாற்காலியில் ஏறிப் போகத் தொடங்கியது. முதுகை நக்கிச் சுத்தம் செய்வதும் குறைந்தது. “வயசாயிடுச்சு” என்றார் பாட்டி. எக்ஸ்ரே எடுத்த கால்நடை மருத்துவர், இரு பக்க இடுப்பு மூட்டுகளும் தேய்ந்திருப்பதைக் காட்டினார்.

இப்போது திண்டுக்குக் கீழே சிறு படி வைத்திருக்கிறோம். மணல் பெட்டியின் விளிம்பு தாழ்வானது. எடை கூடாமல் பார்த்துக்கொள்கிறோம். மருந்தை மருத்துவரே தருகிறார்.

நம் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

மருத்துவரின் அறையில் பூனை பயந்து ஒடுங்கிவிடும். அதனால் வீட்டில் அது தாவுவதையும் படியேறுவதையும் கைப்பேசியில் பதிவுசெய்து அவரிடம் காட்டுங்கள்.