பிரமாணப் பத்திரத்தில் 'அறிவேன்', 'நம்புகிறேன்': ஒரு விளக்கம்

ஒருவர் தாம் கூறும் செய்திகள் உண்மையென ஆணையிட்டு எழுத்தில் அளிக்கும் வாக்குமூலமே பிரமாணப் பத்திரமாகும். கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதோர் உளமார உறுதி கூற, இந்திய ஆணைமொழிச் சட்டம் (1969) இடமளிக்கிறது.

தம் சொந்த அறிவால் மெய்ப்பிக்கக்கூடிய செய்திகளையே இப்பத்திரத்தில் கூறவேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (1908) 19ஆம் கட்டளை வகுக்கும் விதி. இடைக்கால மனுக்களில் நம்பிக்கையையும் கூறலாம். ஆயின் அதற்குரிய காரணத்தைச் சுட்டுதல் வேண்டும். எனவே 'அறிவேன்', 'நம்புகிறேன்' என்னும் வினைமுற்றுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரத்தக்கன அல்ல. நிலத்தைத் தாமே உழுதுவருபவர் அதன் அனுபவத்தை 'அறிவேன்' எனலாம். பாட்டனார் அந்நிலத்தை விலைக்கு வாங்கியதைத் தந்தை சொல்லக் கேட்டவர், அவ்வாறு கேட்டதைச் சுட்டி 'நம்புகிறேன்' என்றே எழுத இயலும். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் சாட்சிகள் 'இப்படி அறிவேன்' எனக் கையெழுத்திட்டிருத்தல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

நோட்டரி சட்டத்தின்படி (1952) நியமிக்கப்பெற்ற நோட்டரியின் முத்திரை, கையொப்பமிட்டவர் இன்னார் என்பதற்கும் அவர் தம் முன்னிலையில் உறுதிமொழிந்தார் என்பதற்குமே சான்றாகும். உள்ளடக்கத்தின் உண்மைக்குக் கையொப்பமிட்டவரே பொறுப்பாவார். நீதிமன்ற நடவடிக்கையில் அறிந்தே பொய்ச்சான்று அளிப்போர்க்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (2023) 229ஆம் பிரிவு 7 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆதலின், எழுத்தறியாதார் பத்திரங்களில் இடம்பெறும் 'படித்துக்காட்டி விளக்கப்பட்டது' என்னும் குறிப்பு பெரிதும் இன்றியமையாதது. அவர் சொல்லாத 'அறிவேன்' அவர் பெயரால் எழுதப்படாமல் காப்பது அதுவே.