முந்நூறு குதிரைகளும் இரண்டு ஆசனங்களும்

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின்மீது, தை மாதத்து மாலை ஒன்றில், விந்தையான ஊர்வலம் ஒன்று சென்றது. முன்னே ஒரு முச்சக்கர வண்டி, தனக்கே உரிய ஓசையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னே, பாய்வதற்குப் பதுங்கிய வேங்கைபோலத் தரையோடு தாழ்ந்த சிவப்பு மோட்டார்க் கார் ஒன்று, அதே வேகத்தில் அடக்கமாகத் தொடர்ந்தது. அந்தக் காரின் ஆற்றல் முந்நூறு குதிரைத் திறன். மணிக்கு 275 கிலோமீற்றர் வரை ஓட வல்லது. அன்று அது நாற்பதைத் தாண்டவில்லை.

பின்னே வந்த காரில் இருந்தவர் இருவர். ஒருவர் எம்மிடம் இருபது ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்வி பயின்ற மாணவர். இப்பொழுது கொழும்பில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். மற்றவர் நாமே. முன்னே சென்ற முச்சக்கர வண்டியில் இருந்தவர்கள் அவருடைய தாயும் தந்தையும். நால்வரும் திருக்கேதீச்சரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெற்றோர் வாடகை வண்டியிலும் பிள்ளை சொந்தக் காரிலுமாகச் செல்ல நேர்ந்தது ஏன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மாற்றிய கதை

முன்பு அவரிடம் இருந்தது பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் மூன்றாம் வரிசைக் கார். 'செடான்' எனப்படும் நான்கு கதவு வகை. ஐவர் அமரலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் மன்னாருக்கு அதில் வருவார். வந்த மறுநாளே தாயையும் தந்தையையும் பின்னாசனத்தில் அமர்த்தி, பாலாவிக் கரைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஊரார் அந்தக் காரைக் கண்டால், "அம்மா கோயிலுக்குப் போறா" என்பார்கள். கார் யாருடையது என்ற கேள்வியே எழுந்ததில்லை.

அந்தச் செடானைக் கொடுத்து, மேலும் பெருந்தொகை சேர்த்து, போர்ஷே நிறுவனத்தின் '718 கேமன்' என்னும் பந்தய வகைக் காரை அவர் வாங்கினார். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில், நாட்டுக்குள் ஏற்கெனவே வந்திருந்த கார்களே கைமாறின. பழைய கார்கள் புதிய கார்களின் விலையையும் மிஞ்சின. அவ்வாறு கைமாறி வந்ததே இச்சிவப்புக் கார். அதற்கு அவர் கொடுத்த விலையை நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதுக் காரைக் காட்டும் ஆவலோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாயார் மகிழ்ச்சியோடு வெளியே வந்தார். கார்க் கதவு திறக்கப்பட்டது. ஆசனம் ஏறக்குறைய நிலத்தோடு நிலமாக இருந்தது. எழுபதை எட்டும் மூதாட்டி. இரு முழங்கால்களிலும் வாதம். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருகணம் உள்ளே நோக்கினார். பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இது ஏறுற கார் இல்லை, இறங்குற கார். இறங்கினால் என்னால எழும்ப ஏலாது."

தந்தையோ, மனைவியின் கையைப் பிடித்தே நடந்து பழகியவர். அவர் தனியே காரில் ஏற மறுத்துவிட்டார். ஏறினாலும் இரண்டே ஆசனங்கள் அல்லவா? முச்சக்கர வண்டி ஒன்று அழைக்கப்பட்டது. அர்ச்சனைத் தட்டும் அதிலேயே ஏறியது.

இரண்டு விநாடி

தாம்போதியின்மேல் செல்லும்போது மாணவர் தம் காரின் பெருமைகளை எமக்கு விளக்கினார். அவற்றை மாணவ வாசகர்களும் அறிந்துகொள்வது நன்று.

குதிரைத் திறன் என்னும் அளவையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வாட். நீராவி இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்பதை வாங்குவோருக்கு உணர்த்தவே அவர் அதனைக் கணித்தார். ஐரோப்பிய மெற்றிக் கணக்கில், 75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீற்றர் உயரம் தூக்குவது ஒரு குதிரைத் திறன். பழைய செடானில் 184 குதிரைகள். புதிய காரில் 300. வியப்பு யாதெனில், இரண்டின் இயந்திரமும் இரண்டு லீற்றர் கொள்ளளவு கொண்டவையே.

ஆற்றல் மட்டும் போதாது. எடையும் கணக்கில் வரும். செடானின் எடை ஏறக்குறைய 1500 கிலோகிராம். அதாவது, ஒவ்வொரு குதிரையும் எட்டுக் கிலோகிராம் இழுக்கவேண்டும். கேமனிலோ ஒரு குதிரையின் பங்கு ஏறக்குறைய நாலரைக் கிலோகிராமே. ஆதலால், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டச் செடானுக்கு ஏழு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். கேமனுக்கு ஏறக்குறைய ஐந்து விநாடி போதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கேமனின் இயந்திரம் முன்னே இல்லை. ஆசனங்களுக்குப் பின்னே, பின்சில்லுகளுக்கு முன்னே, காரின் நடுப்பகுதியில் இருக்கிறது. காவுதடியின் இரு முனைகளிலும் பாரத்தைத் தொங்கவிட்டவர் சட்டெனத் திரும்ப இயலாது. அதே பாரத்தை மார்போடு அணைத்தவர் எளிதாகத் திரும்புவார். பாரம் நடுவில் இருப்பதாலேயே இக்கார் வளைவுகளில் நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது.

இவற்றைக் கேட்டபின் நாம் ஒரு கேள்வி கேட்டோம். "தம்பி, மன்னாரில் வளைவு எங்கே இருக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். எம் நாடு தட்டை நிலம். தாம்போதி அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேரே செல்வது. பழைய பாலம் 1990 இல் போரில் தகர்க்கப்பட்டபின், பல்லாண்டு இடர்ப்பட்டு, 2010 இல் யப்பானிய உதவியோடு புதிய பாலமும் தாம்போதியும் பெற்றோம். அப்பால் மதவாச்சி நோக்கியும் பூநகரி நோக்கியும் செல்லும் சாலைகள் காட்டையும் வயலையும் ஊடறுத்து நீள்வன.

வேகத்துக்கும் எல்லை உண்டு. ஊருக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். எழுபதில் விடாமற் சென்றால் செடானுக்கு 26 நிமிடம். கேமனுக்கு? அதுவும் 26 நிமிடமே. பெருந்தொகை கொடுத்து வாங்கிய அந்த இரண்டு விநாடியும் நூறை எட்டுவதற்கானது. சட்டமோ எழுபதிலேயே நிறுத்திவிடுகிறது.

சட்டத்தை மீறினால் என்ன ஆகும்? இயற்கையின் சட்டம் எதிரே நிற்கும். வேகம் இருமடங்கானால் பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். எழுபதில் செல்லும் கார், சாரதி கண்டு உணர்வதற்கு ஒரு விநாடியைக் கூட்டினால், உலர்ந்த நல்ல சாலையில் ஏறக்குறைய 43 மீற்றரில் நிற்கும். நூற்று நாற்பதில் செல்வது நிற்க 130 மீற்றருக்கு மேல் வேண்டும். மன்னார்ச் சாலையில் மாலைக் கருக்கலில் கழுதைக் கூட்டம் குறுக்கே நின்றால், அந்த 130 மீற்றரை யார் கடனாகத் தருவார்?

முத்தைக் கொடுத்து வாங்கிய குதிரை

விலையுயர்ந்த வேகத்தை விரும்புவது இக்கடற்கரைக்குப் புதிதன்று. கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளையும் ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருளையும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வளம் பேசும் ஒரே பகுதியில் கூறுகிறது. திருக்கேதீச்சரம் அமைந்த மாந்தை பண்டை நாளில் பெருந் துறைமுகம். அங்கே 1980 களில் நடந்த அகழாய்வில் சீனத்துப் பாண்டங்களின் ஓடுகளும் மேற்காசியப் பாண்டங்களின் ஓடுகளும் கிடைத்தன.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இரு செய்திகளை எழுதிவைத்தார். ஒன்று, ஈழத்துக்கும் பாண்டி நாட்டுக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக் குளிப்பு. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா முதலியவற்றை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. மற்றொன்று, பாண்டி நாட்டு அரசர் குதிரை வாங்கிய விதம். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து காயல் துறைக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. அரச சகோதரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினர். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர்.

காரணம் என்ன? நாட்டின் வெப்பம் குதிரைக்கு ஒவ்வவில்லை. இடும் தீனியும் அதற்கு ஏற்றதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை. குதிரை வைத்தியர் இங்கு வராதபடி விற்பனையாளரே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். குதிரை இறந்தாலன்றோ அடுத்த குதிரை விலைபோகும்! மூச்சை அடக்கி மூழ்கியவர்கள் கொணர்ந்த முத்துச் செல்வம் இவ்வாறு இலாயத்தில் மடிந்தது.

குதிரைமீது குற்றமில்லை. அது தன் நாட்டில் காற்றெனப் பறந்த பிராணி. அதற்குரிய நிலமும் பேணுவோரும் இல்லாத இடத்தில் அதனை வாங்கியதே குற்றம். அவ்வாறே இக்காரிலும் குறையில்லை. மலைநாட்டு வளைவிலும் பந்தயத் திடலிலும் அது தன் முழுத் திறத்தையும் காட்டும். மன்னாரிலோ, அதன் அகன்ற ரயருக்கு ஒழுங்கை மணல் ஆகாது. தாழ்ந்த அடிப்பகுதிக்குக் குழி ஆகாது. 95 ஒக்ரேன் பெற்றோலைத் தேடவேண்டும். சிறு பழுதென்றாலும் அதன் நுட்பம் அறிந்தவரிடம் கொண்டுசெல்லக் கொழும்பு வரை ஏறக்குறைய 300 கிலோமீற்றர் போகவேண்டும்.

இங்கே நிலைத்தது எது தெரியுமா? கழுதை! அரபு வணிகர் கொண்டுவந்து விட்டவை என்று மன்னாரில் கூறுவர். வேகமில்லை, அழகென்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் உப்புக் காற்றையும் காய்ந்த புல்லையும் பொறுத்து, தலைமுறை தலைமுறையாக எம் தெருக்களில் உலவுகிறது. அதற்கென ஒரு சிகிச்சை நிலையமும் அண்மைக் காலத்தில் மன்னாரில் அமைந்தது. பாண்டியன் குதிரைக்குக் கிட்டாத வைத்தியம் மன்னார்க் கழுதைக்குக் கிட்டிற்று!

அவர் சொன்ன விடை

மாணவரின் பக்கத்தையும் சொல்லாவிடில் நீதியன்று. கோயில் வீதியில் காரை நிறுத்தியபின் அவர் எம்மிடம் மெல்லச் சொன்னார்:

"சேர், சின்ன வயதில் நுங்கு வண்டி உருட்டின கை இது. பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒருநாளாவது, கை நினைக்குமுன் திரும்புகிற ஒரு வண்டியை ஓட்டவேண்டும் என்று ஆசை. யாரையும் ஏமாற்றாமல் உழைத்து வாங்கினேன். அது பிழையா?"

பிழை என்று எம்மால் கூற இயலவில்லை. போர்க்காலத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த தலைமுறை அது. ஆசைகளையெல்லாம் அடக்கிப் படித்தவர் தம் உழைப்பில் ஒன்றை அனுபவிப்பதை நாம் எவ்வாறு பழிப்பது? வீணையை எவரும் விறகின் பயனை வைத்து மதிப்பதில்லை. நுட்பமான இயந்திரத்தை ஆளும் இன்பமும் ஓர் இன்பமே.

ஆயினும் நாம் அவரிடம் சொன்னது இதுவே: "தம்பி, நீர் காரை வாங்கியதில் பிழையில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கினீர் அல்லவா? கொடுத்ததைச் சரியாக எண்ணினீரா? குதிரைகளை எண்ணினீர்; விநாடிகளை எண்ணினீர். ஆசனங்களை எண்ண மறந்துவிட்டீர்."

அவர் விடை கூறவில்லை. பாலாவிக் கரையில் தந்தையின் கையைப் பற்றியபடி மெல்ல நடந்துகொண்டிருந்த தாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பண்டமாற்றில் கையில் வருவது கண்ணுக்குத் தெரியும். கையை விட்டுப் போவது தெரிவதில்லை. காருக்கு மட்டும் உரிய உண்மையன்று இது. வீட்டை மாற்றுவோருக்கும், ஊரை மாற்றுவோருக்கும், உத்தியோகத்தை மாற்றுவோருக்கும் உரியது. புதியதன் பெருமையை எழுதும் ஏட்டிலேயே, பழையதில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் எழுதிப் பார்ப்பது நன்று.

ஆடி மாதத்தில் மாணவர் மீண்டும் வந்தார். இம்முறை கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கினார். காரை விற்றுவிட்டீரோ என்று வினவினோம்.

"இல்லை, சேர். விடுமுறை நாளில் விடியற்காலையில் நானும் அதுவும் மலைநாட்டுப் பக்கம் போய்வருகிறோம். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. அம்மாவிடம் வருவதற்கு அது தேவையில்லை."

அன்று மாலை அதே முச்சக்கர வண்டி வந்தது. தாயும் தந்தையும் மகனும் ஒரே ஆசனத்தில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தனர். வண்டி புறப்படும்போது, தாயார் மகனைப் பார்த்துக் கேட்டது எம் காதிலும் விழுந்தது:

"தம்பி, அந்தச் சிவப்புக் கார் சுகமாய் இருக்குதோ?"