இயற்கையா? ஊசியா?

இறைச்சி வாங்கும்போது எடை சரியா என்று பார்க்கிறோம். அவ்வெடை விலங்கின் உடலில் எவ்வாறு ஏறிற்று என்று நாம் கேட்பதில்லை. ஐரோப்பிய மக்கள் அக்கேள்வியைக் கேட்கும் நிலை 1980-இல் உண்டாயிற்று. இத்தாலியில் கன்றிறைச்சியால் செய்த குழந்தை உணவில் 'டையெதில்ஸ்டில்பெஸ்ட்ரால்' என்னும் செயற்கை ஹார்மோன் காணப்பட்டது. முன்னாளில் கருவுற்ற தாய்மார்க்கு மருந்தாக அளிக்கப்பட்டு, அவர்கள் பெற்ற பெண்மக்கள் சிலருக்குப் புற்றுநோய் வரக் காரணமாயிற்று என 1971-இல் அறியப்பட்ட பொருளே அது. மக்கள் கன்றிறைச்சியை வாங்க மறுத்தனர். 1981 முதல் ஐரோப்பியச் சமூகம் படிப்படியாகச் சட்டம் இயற்றி, கால்நடைகளைக் கொழுக்கச் செய்ய ஹார்மோன் கொடுப்பதை விலக்கிற்று.

ஆயின் குற்றத்தை மெய்ப்பிப்பது எங்ஙனம்? செயற்கைப் பொருளாயின், சிறுநீரில் அதன் சுவடு கிடைத்தாலே போதும். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்டிரடையால் போன்றவையோ விலங்கின் உடலிலேயே சுரப்பவை. வயது, பால், சினை ஆகியவற்றுக்கேற்ப அவற்றின் அளவு மாறும். அளவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னால், நேர்மையான உழவன் தண்டனை பெறவும், கள்ளன் "எல்லாம் இயற்கை" என்று தப்பவும் கூடுமன்றோ?

இதற்கு அறிவியலார் இரு வழிகள் கண்டனர். ஊசி மருந்து உடலில் நெடுநாள் தங்குவதற்காக, மருந்தாலையில் ஹார்மோனை 'எஸ்டர்' வடிவில் அமைப்பர். டெஸ்டோஸ்டிரோனின் அத்தகைய எஸ்டர் மாட்டின் உரோமத்தில் காணப்படின், அது வெளியிலிருந்து வந்ததே. மற்றொன்று கரிம ஆய்வு. கரிமத்தில் கார்பன்-12, சற்றே கனமான கார்பன்-13 என இருவகை உண்டு. ஆலை ஹார்மோன்கள் பெரும்பாலும் சோயா போன்ற தாவரப் பொருள்களிலிருந்து செய்யப்படுபவை. அவற்றில் கார்பன்-13 குறைவு. விலங்கின் சொந்த ஹார்மோனோ அது தின்ற தீவனத்தின் விகிதத்தைக் காட்டும். ஒரே சிறுநீரில், ஊசியால் மாறாத ஒரு ஸ்டிராய்டையும் ஐயத்துக்குரிய ஸ்டிராய்டையும் ஒப்பிடுவர். இரண்டின் விகிதமும் தெளிவாக வேறுபட்டால் களவு வெளிப்படும்.

இச்சோதனைகளுக்குப் பின்னே ஓர் உயிர்ப்பலியும் உண்டு. பெல்ஜியத்தில் ஹார்மோன் கள்ள வணிகத்தை விடாது துப்பறிந்த கால்நடை மருத்துவ ஆய்வாளர் கரேல் வான் நோப்பன், 1995 பிப்ரவரி 20 அன்று தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2002-இல் நால்வர் தண்டனை பெற்றனர்.

கருவி எத்துணை நுண்ணியதாயினும், தொழுவத்துக்குள் நுழைந்து மாதிரியை எடுத்து வருபவர் ஒரு மனிதரே. எவரோ பெற்ற பிள்ளைகளின் உணவுத் தட்டுக்காக அஞ்சாது நின்ற அவரை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.