எது தூண்டுகிறது? ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்

ஜார்ஜ்டவுனில் எஸ்.பி.எம். மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். தேர்வு நெருங்கும்போது சிலர் எழுதிய விடையையே தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதுவதைப் பார்க்கிறேன். அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாகவும் இருக்கலாம். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அச்சுறுத்தும். அதை அடக்கக் கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது, எண்ணுவது எனச் செயல்கள் தொடரும். இவை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ படிப்பைக் கெடுத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தேர்வு, பள்ளி மாற்றம், தூக்கக் குறைவு, வீட்டில் நோய் அல்லது இறப்பு போன்றவை இதைத் தூண்டலாம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எல்லாரும் அடிக்கடி கை கழுவினோம். கிருமி அச்சம் ஏற்கெனவே இருந்த சில பிள்ளைகளுக்கு அதுவே தூண்டுகோலானது.

மாணவர்களே, அந்த உந்துதல் எப்போது, எங்கே, எதற்குப் பின் வந்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஆனால் தூண்டுவதை விட்டு ஓடாதீர்கள். ஓட ஓட அச்சம் வளரும். நண்பர் பத்தாவது முறையாக, “எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்க, நீங்கள் “ஆமாம்” என்றால் அப்போதைக்கு நிம்மதி. பிறகு பதினோராவது கேள்வி வரும். சிகிச்சையில், தூண்டுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள்.

உங்கள் குறிப்பைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டுங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ 15555 எண்ணையும் அழைக்கலாம். அரசாங்கக் கிளினிக் மருத்துவரிடம் சென்றால், தேவைப்படும்போது மனநல நிபுணரிடம் அனுப்பிவைப்பார்.